ஷெல்லடிக்குப் பிறகு தொடங்கிய தலையிடி

"காயம் ஒண்டும் இல்லை, பக்கத்திலைதான் விழுந்தது." யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் இருந்து வந்த யாரிடம் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். பங்கருக்குள் இருந்த நேரம் அடுத்த வளவில் விழுந்தது, மேலே மண் கொட்டியது, காது இரண்டு நாள் கூவென்று இரைந்தது, கொஞ்ச நேரம் என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை, அப்புறம் எழும்பி மற்றவர்களோடு நடந்து போய்விட்டோம். சன்னம் படவில்லை, இரத்தம் வரவில்லை, ஆகவே காயமில்லை என்று கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்கில் ஒரு பெரிய பிழை இருக்கிறது என்று நான் நம்புகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இங்கே ஒரு பாமசியில் 11 வருசம் நின்றவன். பனடோல் காட் வாங்க வருகிறவர்களின் முகங்கள் பாடம். கிழமைக்கு இரண்டு காட், மூன்று காட் என்று வாங்குகிற நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் இருந்தார்கள், எல்லாரும் சொல்வது தலையிடி என்றுதான், நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், எப்போது தொடங்கியது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அப்படி வாங்குகிறவர்களில் எங்கள் பெரியம்மாவின் மகனும் ஒருவர். வீட்டில் நாங்கள் பெரியண்ணை என்று கூப்பிடுவோம். போரின் கடைசிக் காலத்தில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு புனர்வாழ்வு முகாம் போய் வந்தவர். ஒரு நாள் கடை பூட்டுகிற நேரம் வந்தார், ஆட்கள் இல்லை, அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இது எப்ப தொடங்கினது அண்ணை?"

"மாத்தளனாலை வந்த பிறகுதான் தம்பி. அதுக்கு முதல் தலையிடி எண்டா என்னெண்டே எனக்குத் தெரியாது."

மாத்தளன் என்றால் 2009, போரின் கடைசிக் கட்டம். இத்தனை வருசமாக ஒரு மனிதருக்குத் தலை இடித்துக்கொண்டிருக்கிறது, கண்ணாடி மாற்றிப் பார்த்தாயிற்று, பீனிசம் என்று சொல்லி ஆவி பிடித்தாயிற்று, கோடாலித் தைலம் எத்தனை போத்தல் முடிந்ததோ தெரியாது, ஆனால் அந்த வருசத்தையும் அந்த நோவையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினால் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கப் படையினரைப் பற்றிய ஆய்வுகள்தான். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வீதியோரக் குண்டுகளுக்குள் அகப்பட்டவர்களில் நிறையப் பேர், நல்ல கவசமும் விரைவான சிகிச்சையும் இருந்தபடியால் உயிர் தப்பினார்கள். வெடிக்குக் கிட்ட நின்று, வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் நடந்து வந்தவர்கள் தொகை கூடியது. 2000ஆம் ஆண்டிலிருந்து 4.5 இலட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினருக்கு மூளைக் காயம் என்று பதிவாகியிருக்கிறது, அதில் 80 சதவீதத்துக்கு மேல் 'இலேசான' வகை. போர்முனையில் மட்டும் வந்ததில்லை இவை, பயிற்சி, வாகன விபத்து, விளையாட்டு எல்லாம் அதற்குள் வரும்.

இந்த 'இலேசான' என்ற சொல்தான் ஆட்களைக் குழப்புகிறது. மருத்துவத்தில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அடியோ அதிர்ச்சியோ பட்டு நினைவு தப்பியிருந்தால் 30 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நடந்தது நினைவில் இல்லாமல் போயிருந்தால் அந்த மறதி 24 மணித்தியாலத்துக்குள் அடங்க வேண்டும். கண் திறப்பது, கதைப்பது, கை கால் அசைப்பது இவற்றுக்குப் புள்ளி போடும் கிளாஸ்கோ அளவில் 15க்கு 13 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இவ்வளவும் சரி என்றால் அது இலேசான மூளைக் காயம், மூளை அதிர்ச்சி என்றும் சொல்வார்கள். நினைவு தப்பவே வேண்டியதில்லை, கொஞ்ச நேரம் தலை விறைத்துப்போய், இடம் வலம் தெரியாமல் நின்றிருந்தாலே போதும். அதாவது இலேசு என்பது முதல் நாள் ஆள் எந்த நிலையில் இருந்தார் என்பதற்கு வைத்த பெயர். அதற்குப் பிறகு ஆறு மாதமோ ஆறு வருசமோ அவர் என்ன பாடுபடுவார் என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் ஒருவரிடம் "இலேசான காயம்தான்" என்று வைத்தியர் சொன்னால் வீட்டில் எல்லாரும் கேட்பது "ஒண்டும் இல்லையாம்" என்றுதான்.

2020 ஜனவரி 8ஆம் திகதி நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஈராக்கில் அல் அசாத் என்ற விமானத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணைகளை அடித்தது. அங்கிருந்த அமெரிக்கப் படையினர் முன்கூட்டியே தகவல் கிடைத்துப் பதுங்கு குழிகளுக்குள் போயிருந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. அன்றைக்கே சொன்னது, ஒருவருக்கும் காயமில்லை என்று. ஒரு கிழமை கழித்து 11 பேர் என்றார்கள். பிறகு 34, பிறகு 50, பிறகு 64, பெப்ரவரியில் 109, கடைசியாக 110. எல்லாம் மூளைக் காயம், பெரும்பாலும் இலேசான வகை. இடையில் டாவோஸ் மாநாட்டில் இதைப் பற்றிக் கேட்டபோது ஜனாதிபதி ட்ரம்ப், அவர்களுக்குத் தலையிடியும் வேறு சிலதும் என்று கேள்விப்பட்டேன், பாரதூரமானது என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னார். அங்கே முன்னாள் படையினரின் அமைப்புகள் கொதித்துப் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அந்தத் தலையிடிதான் காயத்தின் அடையாளம்.

தொகை ஏன் இப்படி ஏறியது? யாரும் ஒளித்தார்களா என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன், காயத்தின் தன்மையே அப்படி. அன்றைக்கு இரவு உடம்பு பயத்தில் முறுகி நிற்கும், தலையிடி உறைக்காது. இரண்டு நாள் கழித்து வெளிச்சம் கூசத் தொடங்கும், கணினித் திரை பார்க்க முடியாது, நித்திரை வராது. படைக்காரர்கள் தலையிடி என்று போய்ச் சொல்லவும் மாட்டார்கள், தன்னோடு நின்ற கூட்டாளிகளை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

சரி, வெளியில் ஒன்றும் இல்லாதபோது உள்ளே எது நோகிறது? மூளைக்கு நோவே தெரியாது. மூளையை மூடியிருக்கிற உறைக்கும் அதில் ஓடுகிற இரத்தக் குழாய்களுக்கும் தெரியும். அந்த நோவைத் தூக்கிக்கொண்டு போவது முக்கிளை நரம்பு, முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு கொடுக்கிற அதே நரம்பு. தலை பலமாக அதிரும்போது மூளைக் கலங்களின் சுவரில் ஒரு குழப்பம் வருகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, வெளியே இருக்க வேண்டிய கல்சியம் உள்ளே ஏறுகிறது, குளுட்டமேட் என்ற இரசாயனம் அளவுக்கு மிஞ்சி வருகிறது. இதையெல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் கலங்களுக்கு நிறையச் சக்தி வேண்டும், அதே நேரம் பார்த்து மூளைக்கு வரும் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். கோடையில் கிணறு அடியில் கிடக்கிற நேரத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இரண்டு மோட்டர் போட்டு இறைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பெரும்பாலானவர்களுக்கு இது நாட்கள், கிழமைகளில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதற்குள் நோவுப் பாதை பழகிவிடுகிறது. ஒற்றைத் தலையிடியில் சுரக்கிற சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் இங்கேயும் வேலை செய்கிறது, நரம்பு சின்னத் தூண்டலுக்கெல்லாம் துள்ளுகிறது. முன்பு ஒன்றும் செய்யாத வெயிலும் ஹோர்ன் சத்தமும் ஊதுபத்தி மணமும் இப்போது தலையைப் பிளக்கிறது.

கழுத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் தவற விடுகிறார்கள். தலை உலுக்குப்பட்டால் கழுத்தும் உலுக்குப்படும். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முக்கிளை நரம்பும் மூளைத்தண்டுக்குக் கீழே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன, அதனால் கழுத்தில் இருக்கிற நோவை மூளை நெற்றியிலோ கண்ணுக்குப் பின்னாலோ உணர்கிறது. "பிடரியிலை தொடங்கி மேலை ஏறுது" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்களே, அதைக் கேட்கிற வைத்தியர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாரென்றால் பாதி வேலை முடிந்தது.

வெடி என்று வந்தால் இன்னொன்றும் சேர்கிறது. வெடித்த இடத்திலிருந்து காற்று அமுக்க அலையாக, ஒலியை விட வேகமாக வருகிறது. அது முதலாவது அடி. பறந்து வருகிற சன்னமும் கல்லும் இரண்டாவது, ஆளைத் தூக்கி எறிவது மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணுக்குத் தெரியும். முதலாவது அடி மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் எப்படிப் போகிறது, நெஞ்சை அமுக்கி இரத்தக் குழாய் வழியாகவும் போகிறதா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் அது தடம் விடுகிறது என்பதற்கு 2016இல் ஒரு வலுவான சான்று வந்தது. வெடிக்கு உட்பட்டுப் பிற்காலத்தில் இறந்த அமெரிக்கப் படையினரின் மூளைகளை டானியல் பேர்ல் என்ற நோயியலாளரின் குழு நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தது. மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சந்திக்கிற எல்லைகளில், இரத்தக் குழாய்களைச் சுற்றி, மூளையின் மேற்பரப்புக்கு அடியில், ஒரு தனியான வகைத் தழும்பு இருந்தது. ஆராய்ந்த மூளைகள் சிலதான், ஆனால் சாதாரணமாகத் தலையில் அடிபட்ட பொதுமக்களின் மூளைகளில் அந்தக் கோலம் இருக்கவில்லை. சி.ரி. ஸ்கானில் இது தெரியவே தெரியாது. சி.ரி. ஸ்கான் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் பார்க்கிற கருவி, அதற்காக எடுப்பதுதான் சரியும்கூட. ஸ்கான் துப்புரவு என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று அர்த்தம். அதைக் கொண்டுவந்து "உனக்கு ஒண்டும் இல்லை, மனசிலைதான்" என்று சொல்வதற்கு அந்தப் படத்தில் இடமில்லை.

மனமா உடம்பா என்ற இந்த இழுபறி நூறு வருசத்துக்கு மேல் பழையது. 1915 பெப்ரவரியில் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர், பிரான்ஸ் போர்முனையில் ஷெல் கிட்ட வெடித்துக் காயமில்லாமல் தப்பிய மூன்று படையினரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். பார்வை மங்கல், மறதி, நித்திரையின்மை. ஷெல் அதிர்ச்சி என்ற பெயர் மருத்துவ இதழில் முதன்முதல் வந்தது அப்போதுதான். ஃபிரெடெரிக் மொற் என்பவர் அது மூளைக்குள் நடந்த உடற்காயம் என்று வாதாடினார், மயர்ஸ் போகப்போக மனத்தின் பக்கம் சாய்ந்தார். அந்தப் பெயரோடு வருகிற ஆட்கள் தொகை பெருகப் பெருகப் படைத் தலைமைக்குத் தாங்கவில்லை, 1917இல் அந்தச் சொல்லையே முன்னரங்கில் எழுதக்கூடாது என்று கட்டளை போட்டார்கள். அதற்குப் பதிலாக 'இன்னும் கண்டறியப்படாத நரம்புக் கோளாறு' என்று துண்டில் எழுதச் சொன்னார்கள். பெயரை எடுத்துவிட்டால் ஆளுக்கு நோவு குறையாது, கேட்கிறவருக்கு மட்டும் பாரம் குறையும்.

இந்த இழுபறிக்கு நடுவில் எனக்கு ஒரு ஆய்வு மிக முக்கியமாகப் பட்டது. 2008இல் சார்ள்ஸ் ஹோஜ் என்பவரின் குழு, ஈராக்கில் ஒரு வருசம் இருந்து திரும்பிய 2525 காலாட்படையினரைக் கேட்டுப் பார்த்தது. நினைவு தப்பியவர்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினருக்குப் போர் மனவடுவின் அறிகுறிகள் இருந்தன, ஒரு காயமும் படாதவர்களில் 9 சதவீதம்தான். பிறகு மனவடுவையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தார்கள். களைப்பு, நித்திரையின்மை, உடல்நோ என்று மூளை அதிர்ச்சியோடு சேர்ந்து தெரிந்த அநேகமான முறைப்பாடுகள் அந்தக் கழிப்பில் அடங்கிப் போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது, தலையிடி. மனவடு எவ்வளவு விளக்கினாலும் தலையிடியை முழுதாக விளக்கவில்லை. இதை வாசித்த அன்றைக்கு எனக்குப் பாமசியில் வந்து நின்ற முகங்கள் எல்லாம் ஞாபகம் வந்தது.

2010இல் வந்த இன்னொரு ஆய்வும் இதோடு பொருந்தும். திரும்பி வந்த 5270 படையினரைச் சோதித்ததில் 1033 பேருக்கு மூளை அதிர்ச்சி நடந்திருந்தது. அவர்களில் ஏறக்குறைய 98 சதவீதத்தினர், களத்தில் இருந்த கடைசி மூன்று மாதங்களில் தலையிடி இருந்ததாகச் சொன்னார்கள். அதிர்ச்சி நடந்து ஒரு கிழமைக்குள் தொடங்கியது 37 சதவீதத்தினருக்கு. அப்படித் தொடங்கிய தலையிடிகளில் 58 சதவீதம் ஒற்றைத் தலையிடியின் சாயல் கொண்டவை, மாதத்தில் சராசரி 10 நாள் வந்தவை. ஒரு கிழமை என்ற எல்லை ஏன் என்றால், சர்வதேசத் தலைவலி வகைப்பாடு அடிபட்டு 7 நாளைக்குள் தொடங்கினால்தான் அதனால் வந்தது என்று ஏற்கிறது, 3 மாதம் தாண்டினால் நீடித்த வகை என்கிறது. தாமதித்துத் தொடங்குவதையும் அதே வகைப்பாடு பின்னிணைப்பில் வைத்திருக்கிறது. என் கருத்தில் அந்த 7 நாள் ஆய்வுக்கு நல்லது, முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த ஒருவரிடம் எத்தனையாம் நாள் தொடங்கியது என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. அவருக்கு அன்றைக்கு என்ன நாள் என்றே தெரியாது.

படையில் இருப்பவர்களுக்கு ஏன் இது கூட? ஒரு தடவையோடு நிற்பதில்லை, முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் அடுத்தது வருகிறது. நித்திரை இல்லை, தண்ணி குறைவு, வெயில், தலையில் ஒன்றரைக் கிலோ அளவு தலைக்கவசம், முதுகில் மூட்டை, எப்போது விழும் என்ற பதற்றம். இவை ஒவ்வொன்றும் தனியாகவே தலையிடி கொண்டு வரும். அமெரிக்கப் படை 2010இல் ஒரு நல்ல விதி கொண்டுவந்தது. வெடி விழுந்த இடத்திலிருந்து 50 மீற்றருக்குள் நின்ற எவரும், தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னாலும், சோதிக்கப்பட வேண்டும், குறைந்தது 24 மணித்தியாலம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஆள் சொல்வதை எதிர்பார்க்காமல் தூரத்தை வைத்தே முடிவு எடுக்கிறார்கள்.

அந்த 50 மீற்றரை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். 1987இல் வடமராட்சியில் ஒப்பரேசன் லிபரேசன், 1990இல் கோட்டையைச் சுற்றிய சண்டை, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது, 2000இல் தென்மராட்சி, 2009இல் கடைசியில் அந்த ஒடுங்கின கடற்கரை. வெடிக்கு 50 மீற்றருக்குள் ஒரு தடவையாவது நின்றவர்கள் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. அதில் போராளிகளும் இருக்கிறார்கள், பால்மாவுக்கு வரிசையில் நின்ற அம்மாக்களும் இருக்கிறார்கள். முகமாலைக் காவலரணில் மறுபக்கம் இருந்த ஆமிக்காரப் பொடியனும் இதே தலையிடியோடுதான் பொலன்னறுவையிலோ குருநாகலிலோ வயல் செய்துகொண்டிருப்பான். அமுக்க அலைக்குப் பாஷை தெரியாது.

இங்கே சொல்லாமல் இருப்பதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "எங்கை நிண்டனீங்கள், எப்ப, எத்தினை தரம்" என்று வைத்தியர் கேட்டால், முன்னாள் போராளி ஒருவருக்கு அது விசாரணை மாதிரித்தான் கேட்கும். போர் முடிந்து சுமார் 12 ஆயிரம் பேர் புனர்வாழ்வுக்குள் போய் வந்தார்கள், வந்த பிறகும் எத்தனையோ பேருக்கு விசாரிப்பு நிற்கவில்லை. ஆகவே கிளினிக்கில் தலையிடி என்பார்கள், எப்போது தொடங்கியது என்றால் "கன காலம்" என்பார்கள், முடிந்தது. வைத்தியர் வெளியிடத்தில் இருந்து வந்தவராக இருந்தால், ஒரு நாளைக்கு நூறு பேர் பார்க்கிறவராக இருந்தால், அதற்கு மேல் தோண்டவும் மாட்டார். போர் மனவடுவைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வருசமாக நல்ல வேலை நடந்திருக்கிறது, பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் மிகக் கஷ்டமான காலத்திலும் இருந்து செய்தார்கள். மனம் பட்ட பாட்டைப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு மண்டை பட்ட பாட்டையும் நாங்கள் கதைக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கிறவை. கெட்ட கனவு நித்திரையைக் குழப்பும், நித்திரை குழம்பினால் விடிய எழும்பும்போதே தலையிடி, தலையிடி இருக்கிற நாளில் ஒரு பட்டாசுச் சத்தம் போதும் மற்றதெல்லாம் திரும்பி வர.

இனி என் சொந்தத் தொழில் சம்பந்தப்பட்ட இடம், பனடோல். பரசிட்டமோல் நல்ல மருந்து, நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடிக்கடி தலையிடி வருகிற ஒருவர் அதை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு அதிகமாக எடுத்தால், குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்குகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றுக்கும் 15 நாள்தான். கஃபீன் கலந்த கூட்டுக் குளிசை, ட்ரமடோல் போன்ற கடும் நோவு மருந்து, ஒற்றைத் தலையிடிக்குக் கொடுக்கும் ட்ரிப்டான் வகை என்றால் 10 நாளே போதும். இங்கே எண்ண வேண்டியது எத்தனை குளிசை என்பதை விட எத்தனை நாள் என்பதை. தினம் ஒன்று போடுகிறவருக்கு ஆபத்து, மாதத்தில் நாலு நாள் இரண்டிரண்டு போடுகிறவருக்கு இல்லை. அடிபட்டதால் வந்த தலையிடி ஒரு கட்டத்தில் இப்படி மருந்தால் வந்த தலையிடியாக மாறி, இரண்டும் பின்னிக்கொண்டு நிற்கும், எதை எது என்று பிரிக்க முடியாது. நிற்பாட்டினால் முதல் ஒன்றிரண்டு கிழமை நோவு கூடும், அதற்குப் பயந்துதான் ஆட்கள் திரும்பக் காட் வாங்க வருகிறார்கள். அதைத் தாண்டினால் பலருக்குக் குறைகிறது. கடும் நோவு மருந்துகளை மட்டும் திடீரென்று நிற்பாட்டக்கூடாது, வைத்தியர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். பெரியண்ணையிடம் நாட்கலண்டர் ஒன்றைக் கொடுத்து, தலையிடி வந்த தாளில் ஒரு கோடும் குளிசை போட்ட தாளில் ஒரு வட்டமும் போடச் சொன்னேன், தாளைக் கிழித்து எறியாமல் வைக்கச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து எண்ணினால் 22 கோடு, 26 வட்டம். தலையிடி இல்லாத நாலு நாளும், வந்துவிடும் என்ற பயத்தில் போட்டிருக்கிறார்.

அடிபட்ட பின் வரும் தலையிடிக்கென்றே தனி மருந்து இதுவரை இல்லை. அது எந்தச் சாயலில் வருகிறதோ அந்த வகைத் தலையிடிக்குரிய சிகிச்சையைத்தான் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் விண்விண்ணென்று குத்தி, சத்தி வந்து, வெளிச்சம் கூசினால் ஒற்றைத் தலையிடிக்குரியது. தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டின மாதிரி இருந்தால் வேறு. வராமல் தடுக்கக் கொடுக்கிற மருந்துகளில் அமிட்ரிப்டிலின் பழையது, மலிவானது, இரவில் சின்ன அளவில் கொடுத்தால் நித்திரைக்கும் உதவும். அது மனச்சோர்வு மருந்து என்று யாரோ சொல்ல, "எனக்கென்ன விசரோ" என்று கோபித்துக்கொண்டு குளிசையை எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலையிடிக்குக் கொடுக்கும் அளவு அதைவிட மிகக் குறைவு, அந்த வேலை நோவுப் பாதையில் நடக்கிறது. புரொப்பனலோல் நல்லது, தொய்வு, அதாவது ஆஸ்மா, உள்ளவர்களுக்குக் கூடாது. டோபிரமேட் சிலருக்குச் சொல் வாயில் வராமல் தடுமாற வைக்கும், ஏற்கெனவே மறதி உள்ளவருக்கு அது கஷ்டம், பிள்ளை தங்க வாய்ப்புள்ள பெண்கள் வைத்தியரிடம் கதைக்காமல் எடுக்கவே கூடாது. பிடரி நரம்பில் மரப்பு ஊசி போடுவதும் கழுத்துக்குப் பிசியோதெரபி செய்வதும் சிலருக்கு நல்ல ஆறுதல்.

மருந்து இல்லாத சிகிச்சை ஒன்றுக்கும் சான்று இருக்கிறது. 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தலையில் அடிபட்ட பிறகு தலையிடி நீடித்த 193 முன்னாள் படையினரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை, ஒரு பகுதியினருக்கு மனவடுவுக்கான சிகிச்சை, ஒரு பகுதியினருக்குத் தலையிடியை மையமாக வைத்த உளவியல் சிகிச்சை. உடம்பை இளக்கப் பழகுவது, தலையிடியைக் கிளப்புவது எதுவென்று கண்டுபிடிப்பது, தலையிடிக்குப் பயந்து விட்டுவிட்ட வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்குவது, இவைதான் அதில் இருந்தது. தலையிடியால் வந்த முடக்கம், வழமையான சிகிச்சையை விட இந்தப் பகுதியினருக்குத்தான் தெளிவாகக் குறைந்தது. வீட்டில் நாங்களே தொடங்கக்கூடியதும் உண்டு. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்புவது, விடியச் சாப்பாட்டைத் தவற விடாமல் இருப்பது, நாளைக்கு ஏழெட்டு பிளேன்ரீ குடிக்கிறவர் அதை மெல்ல மெல்லக் குறைப்பது. ஒரேயடியாக விட்டால் அதற்கும் தலையிடி வரும்.

இது பழைய ஷெல்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இப்போது எங்கள் பொடியள் மோட்டச்சைக்கிளில் கொண்டுபோய் மோதுகிற மோதலிலும் இதே காயம்தான் வருகிறது. அடிபட்டு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல வழமைக்குத் திரும்புவது, இதுதான் இப்போதைய முறை. மாதக் கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது பிழை, மறுநாளே உதைபந்தாட்டத்துக்கு விடுவதும் பிழை. தலையிடி நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டு போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு, கண்மணி ஒன்று பெரிது ஒன்று சிறிது, இதில் எது இருந்தாலும் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இரத்தம் உறையாமல் குளிசை எடுக்கிறவர் என்றால் அறிகுறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அடிபட்டவுடனேயே காட்டுங்கள். வயதானவர்களுக்குச் சின்ன அடிக்குப் பிறகு மூன்று நாலு கிழமை கழித்தும் மூளையுறைக்கு அடியில் இரத்தம் தேங்கியிருப்பது தெரியவரலாம், அப்புவின் நடை தள்ளாடினால், கதை மாறினால், வயதுதானே என்று விடாதீர்கள்.

பெரியண்ணைக்கு இப்போது மாதத்தில் ஏழு எட்டுக் கோடு. குளிசை குறைத்த முதல் பத்து நாளும் வீட்டில் ஒருவரும் அவரோடு கதைக்க முடியவில்லை, அண்ணிதான் பொறுத்துக்கொண்டார். முழுதாகப் போகவில்லை, போகுமோ தெரியாது. ஆனால் மழைக்கு முதல் வீட்டுக் கூரையைத் தானே ஏறி வேய்ந்தார், போன வருசம் அந்த வெயிலில் அவரால் நின்றிருக்க முடியாது.

கிளினிக்குக்கு முதல் தரம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். கலண்டர்த் தாள்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொண்டுபோனோம். டொக்டர் இளம் பிள்ளை, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், பிறகு பேனையை வைத்துவிட்டு, "ஷெல் உங்களுக்கு எவ்வளவு தூரத்திலை விழுந்தது அண்ணை?" என்று கேட்டார். பெரியண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். யன்னலுக்கு வெளியே சைக்கிள் விடுகிற இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது, இருபது மீற்றர் இருக்கும்.

"அந்த வேம்பிலும் கிட்ட, டொக்டர்."

"எத்தினை தரம்?"

பெரியண்ணை சுண்டு விரலில் இருந்து மடிக்கத் தொடங்கினார்.